நாள் குறித்தவர்கள்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். தலைப்பைப் பார்த்துவிட்டு வாசலிலேயே ஒரு நண்பர், "எப்ப சார் உலகம் அழியுது? இந்த மாச இஎம்ஐ கட்டணுமா, வேண்டாமா?" என்று கேட்டார். கட்டிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

இங்கே எழுபதைத் தாண்டியவர்கள் சிலர் இருக்கிறீர்கள். 1962 பிப்ரவரி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அஷ்டகிரகச் சேர்க்கை. மகர ராசியில் எட்டுக் கிரகங்கள் கூடுகின்றன, உலகம் தாங்காது என்று நாடு முழுக்க யாகம் வளர்த்தார்கள். சின்னவர்களுக்கு 2012 டிசம்பர் 21, மாயன் காலண்டர். இரண்டு முறையும் மறுநாள் காலையில் பால்காரர் வந்தார். இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போவதென்றால் பத்து நிமிஷம் போதும். எனக்குக் கொடுத்திருப்பது முக்கால் மணி நேரம். அதனால் வேறொன்று கேட்கிறேன். உலகம் அழியும் என்று ஒருவர் சொல்லும்போது, எந்த உலகத்தைச் சொல்கிறார்? யாருடைய ஆட்சி ஒழிய வேண்டும் என்று அவர் மனசு அடித்துக்கொள்கிறது? அப்படிப் பார்த்தால், வரலாற்றில் பெரிதாகப் பேசப்பட்ட உலகமுடிவுத் தீர்க்கதரிசனங்களில் பல, அரசாங்கத்தின் மேல் கொடுக்கப்பட்ட மனுக்கள். வாங்கிக்கொள்ள அதிகாரி யாரும் இல்லாததால் கடவுள் பேருக்கு எழுதப்பட்டவை.

ஒரே ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு போவோம். 2,300.

பழைய ஏற்பாட்டில் தானியேல் புத்தகம் இருக்கிறது. சிங்கக் குகையில் போட்டும் பிழைத்தாரே, அந்தத் தானியேல்தான். கதை நடப்பது பாபிலோனில், கி.மு. ஆறாம் நூற்றாண்டில். ஆனால் புத்தகத்தின் பின்பாதி, அதாவது தரிசனங்கள் வரும் 7 முதல் 12 வரையிலான அதிகாரங்கள், கி.மு. 167க்கும் 164க்கும் நடுவே எழுதப்பட்டவை என்பது இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோரின் முடிவு. புதிய கண்டுபிடிப்பு இல்லை இது. கி.பி. மூன்றாம் நூற்றாண்டிலேயே போர்ஃபிரி என்கிற தத்துவவாதி சொல்லிவிட்டார். எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது சுவாரஸ்யம். பதினோராம் அதிகாரத்தில் வடதிசை ராஜா, தென்திசை ராஜா என்று வரிசையாகப் போர்கள் வருகின்றன. சிரியாவை ஆண்ட செலூக்கிய மன்னர்களுக்கும் எகிப்தை ஆண்ட தாலமி மன்னர்களுக்கும் நடந்த சண்டைகள் அவை. கல்யாணம், துரோகம், படையெடுப்பு எல்லாம் அச்சுப் பிசகாமல் இருக்கிறது. கடைசியில் அந்தக் கொடுங்கோலன் கடலுக்கும் பரிசுத்த மலைக்கும் நடுவே கூடாரம் போட்டு, அங்கே முடிவை அடைவான் என்கிறது. நிஜத்தில் அவன் செத்தது பாரசீகப் பக்கம். நடந்ததையெல்லாம் சரியாகச் சொல்லிக்கொண்டு வந்த புத்தகம் எந்த இடத்தில் தடுமாறுகிறதோ, அந்த இடத்தில்தான் எழுதியவர் உட்கார்ந்திருக்கிறார்.

கொடுங்கோலன் பெயர் நான்காம் அந்தியோக்கஸ். எருசலேம் ஆலயத்தில் பலியை நிறுத்தினான். ஓய்வுநாள் கூடாது, விருத்தசேதனம் கூடாது, வேதச் சுருள் வைத்திருந்தால் மரணம். பலிபீடத்தின் மேலேயே கிரேக்கத் தெய்வத்துக்குப் பீடம் எழுப்பினான். இந்தச் சமயத்தில், இத்தனை நாள் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று யாரோ ஒருவர் எழுதுகிறார். 2,300 இராப்பகல் கழிந்தால் பரிசுத்த ஸ்தலம் சுத்தமாகும். காலைப் பலி, மாலைப் பலி என்று தனித்தனியாக எண்ணினால் 1,150 நாள். மூன்று வருஷம் சொச்சம். நம்பக்கூடிய தவணைதான். கி.மு. 164இல் மக்கபேயர் என்ற யூதக் கலகக்காரர்கள் ஆலயத்தை மீட்டுச் சுத்தம் செய்தார்கள். யூதர்கள் ஹனுக்கா என்று விளக்கேற்றுவது அதற்காகத்தான்.

ஆனால் உலகம் முடியவில்லை. புத்தகத்தின் கடைசி வரிகளைப் பாருங்கள். 1,290 நாள் என்று ஒரு வசனம். அதற்கு அடுத்த வசனமே, 1,335 நாள்மட்டும் காத்திருப்பவன் பாக்கியவான் என்கிறது. முதல் கெடு தாண்டியதும் யாரோ நாற்பத்தைந்து நாள் கூட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. பழையதை அடிக்கவில்லை, பக்கத்திலேயே புதியதை எழுதிவைத்தார்கள். விடியும் விடியும் என்று உட்கார்ந்திருந்த ஒருவரின் கையெழுத்து மாதிரி இருக்கிறது அந்த இடம்.

இப்போது இரண்டாயிரம் வருஷம் தாண்டி நியூயார்க் மாநிலத்துக்கு வாருங்கள். லோ ஹாம்ப்டன் என்கிற சிற்றூர், வில்லியம் மில்லர் என்கிற விவசாயி. 1814இல் பிளாட்ஸ்பர்க்கில் பிரிட்டிஷ்காரர்களோடு சண்டை போட்டவர். அதுவரை மதத்தில் பெரிய ஈடுபாடு கிடையாது. கடவுள் உலகத்தைப் படைத்துவிட்டு ஒதுங்கிவிட்டார் என்ற கட்சி. போருக்குப் பிறகு வேதாகமத்தை எடுத்துக்கொண்டு வசனம் வசனமாக உட்கார்ந்துவிட்டார். அந்தியோக்கஸ் கதையை அவர் ஏற்கவில்லை, 2,300ஐ மட்டும் பிடித்துக்கொண்டார். தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் என்றால் ஒரு வருஷம் என்பது புராட்டஸ்டண்டுகளிடையே ஏற்கெனவே புழங்கிய கணக்கு. அப்படியானால் 2,300 வருஷம் கழித்துப் பரிசுத்த ஸ்தலம் சுத்தமாகும்; அதாவது கிறிஸ்து திரும்பி வந்து பூமியைச் சுத்தம் செய்வார் என்று எடுத்துக்கொண்டார். எங்கிருந்து தொடங்குவது? எருசலேமுக்குச் சாதகமாகப் பாரசீக ராஜா அர்தசஷ்டா கட்டளையிட்ட கி.மு. 457. கழித்துப் பாருங்கள், 1843 வரும். கி.மு.வுக்கும் கி.பி.க்கும் நடுவே பூஜ்ய வருஷம் கிடையாது என்று அப்புறம்தான் உறைத்தது. சரி, 1844.

மனுஷர் நேர்மையானவர். 1818 வாக்கில் கணக்கு முடிந்தும் 1831 வரை மேடை ஏறவில்லை. ஏறிய பிறகும் உள்ளூர்ப் பிரசங்கிதான். அவரை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் பாஸ்டனைச் சேர்ந்த ஜோஷுவா ஹைம்ஸ். பத்திரிகை நடத்தினார், கூடாரம் போட்டார். சிலையும் மிருகங்களும் கூட்டல் கழித்தலுமாக ஆளுயரப் படம் அச்சடித்தார்கள். பிரசங்கி அதைத் தொங்கவிட்டுக் குச்சியால் காட்டிப் பேசுவார். ஹைம்ஸ் சாதாரண ஆளில்லை. அடிமை ஒழிப்பு இயக்கத்தில் முன்னால் நின்றவர்; அவருடைய சபைக்கூடத்தில்தான் சீர்திருத்தக்காரர்களின் மாநாடுகள் நடந்தன. நாட்டில் 1837இல் வங்கிகள் சரிந்திருந்தன. அடிமைமுறை அசைவதாகத் தெரியவில்லை. தேர்தலாலும் கையெழுத்து இயக்கத்தாலும் ஆகாததைக் கிறிஸ்து வந்து முடித்துவைக்கட்டும் என்று அவர்களில் சிலர் போனதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

மில்லர் கடைசி எல்லையாகச் சொன்ன 1844 மார்ச் போனது. ஆகஸ்ட்டில் ஒரு முகாம் கூட்டத்தில் சாமுவேல் ஸ்னோ என்பவர் யூதர்களின் பாவநிவாரண நாளை வைத்துத் தேதியே குறித்தார்: அக்டோபர் 22. பயிரை அறுக்காமல் விட்டவர்கள் உண்டு, கடையைச் சாத்தியவர்கள் உண்டு. வெள்ளை அங்கி தைத்துப் போட்டுக்கொண்டு கூரைமேல் ஏறி நின்றார்கள் என்று சொல்வதெல்லாம் பரிகாசக்காரர்கள் கிளப்பிவிட்டது, ஆதாரம் கிடையாது. விடிய விடிய அழுதோம் என்று ஹைரம் எட்சன் என்ற விவசாயி எழுதிவைத்திருக்கிறார். மறுநாள் பக்கத்து வீட்டுக்காரர்களின் கேலிக்குப் பயந்து சோளக்காட்டு வழியாக நடக்கும்போது அவருக்குத் தோன்றியது: தேதி சரி, இடம்தான் தப்பு. சுத்தமாகவேண்டிய ஸ்தலம் பூமியில் இல்லை, வானத்தில் இருக்கிறது; அங்கே அது தொடங்கிவிட்டது. இதை யாராலும் பொய் என்று நிரூபிக்க முடியாது, கவனித்தீர்களா? அந்தச் சோளக்காட்டிலிருந்து கிளம்பியதுதான், 1863இல் முறையாக அமைந்த ஏழாம்நாள் அட்வென்டிஸ்ட் சபை. இன்று உலகெங்கும் 2 கோடிக்கு மேல் உறுப்பினர்கள், நம்மூரிலும் இருக்கிறார்கள். காலையில் கார்ன்ஃப்ளேக்ஸ் சாப்பிடுகிறீர்களே, அது பிறந்ததும் அவர்களுடைய ஆரோக்கிய நிலையத்தில்தான்.

மில்லர் மேடையேறிய அதே காலத்தில் தெற்குத் திருவிதாங்கூரில் அய்யா வைகுண்டர் கலி அழியும், தர்மயுகம் பிறக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அங்கே மனு யார்மேல் என்று தேடவே வேண்டாம். தலைக்கு வரி, பனைக்கு வரி, கூலியில்லா ஊழியம், பெண்கள் தோள்சீலை போடத் தடை. கலிநீசன் என்றால் திருவிதாங்கூர் ராஜா, வெண்ணீசன் என்றால் வெள்ளைக்காரன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் புரிந்தது. ராஜாவுக்கும் புரிந்ததால்தான் பிடித்துச் சிறையில் போட்டார். ஆனால் அய்யா தொழிலை விட்டுவிட்டு வந்து உட்காருங்கள் என்று சொல்லவில்லை. தலைப்பாகை கட்டிக்கொண்டு கும்பிடுங்கள் என்றார், எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் குளியுங்கள் என்றார். வரப்போகும் யுகத்தில் எப்படி இருப்பார்களோ அப்படி இன்றைக்கே இருக்கச் சொன்னார். இதைத் தனியாகவே ஒருநாள் பேசவேண்டும்.

அடுத்ததைச் சொல்லத்தான் தயக்கம். தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியில் கோசா மக்கள். 1850இலிருந்து 1853 வரை பிரிட்டிஷாரோடு எட்டாவது எல்லைப்போர். தோற்று, நிலம் போனது. அதே வருஷம் ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த மாடுகளோடு நுரையீரல் நோய் வந்தது. வளர்த்த மாடுகள் மூச்சுத் திணறிச் சாகின்றன. மிஷனரிகள் பல பத்தாண்டுகளாக உயிர்த்தெழுதலைப் பிரசங்கித்துக்கொண்டிருக்கிறார்கள். இதற்கு நடுவே ஒரு செய்தி: கோசாக்களை அடக்கிய முன்னாள் கவர்னர் காத்கார்ட், கிரிமியப் போரில் ரஷ்யர்கள் கையில் செத்தார். யார் இந்த ரஷ்யர்கள்? வெள்ளைக்காரனையே கொல்கிறார்கள் என்றால் நம்மைப் போல் கறுப்பர்களாகத்தான் இருக்கவேண்டும், போரில் செத்துப்போன நம் வீரர்களாகத்தான் இருக்கவேண்டும். மலையுச்சியில் ஆள் நிறுத்தி ரஷ்யக் கப்பல் வருகிறதா என்று பார்த்தார்கள்.

1856இல் நோங்காவுசே என்ற பதினைந்து வயது மதிக்கத்தக்க பெண் ஆற்றங்கரையில் இரண்டு அந்நியர்களைப் பார்த்ததாகச் சொன்னாள். மாடுகளெல்லாம் கெட்டுப்போயின, கொன்றுவிடுங்கள். தானியத்தைக் கொட்டுங்கள், விதைக்காதீர்கள். செத்த முன்னோர் புது மாடுகளோடு எழுந்து வருவார்கள். மன்னர் சர்ஹிலி நம்பினார். ஒரு கெடு தாண்டியது. கொல்லாமல் வைத்திருப்பவர்களால்தான் வரவில்லை என்று பழி அவர்கள்மேல் விழுந்தது. இன்னும் கொன்றார்கள். 1857 பிப்ரவரி 18 என்று கடைசிக் கெடு. அன்றைக்கும் சூரியன் எப்போதும் போலக் கிழக்கே உதித்து மேற்கே இறங்கியது. ஏறத்தாழ 4 லட்சம் மாடுகள் கொல்லப்பட்டிருந்தன. பட்டினியில் செத்தவர்கள் சுமார் 40,000 பேர்.

கவர்னர் ஜார்ஜ் கிரே என்ன செய்தார்? கஞ்சி வேண்டுமென்றால் கூலி ஒப்பந்தத்தில் கைநாட்டு வை என்றார். ஆயிரமாயிரம் பேர் வெள்ளைக்காரர் பண்ணைகளுக்குப் போனார்கள். காலியான நிலத்தில் வெள்ளையர் குடியேறினார்கள். பீரங்கியால் முடியாத காரியத்தை ஒரு தேதி முடித்துக்கொடுத்தது. அந்தப் பெண்ணைத் திட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. கிரேயின் ஒப்பந்தத்தைப் படிக்கும்போதுதான் வருகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் அதிகாரம் இல்லாதவர்கள் கதை. நம்பினார்கள், விலையும் அவர்களே கொடுத்தார்கள். அதே வசனங்கள் அதிகாரத்தில் இருப்பவன் கைக்குப் போனால் விலையை வேறு யாரோ கொடுக்கவேண்டி வருகிறது. ஜான் நெல்சன் டார்பி என்ற ஆங்கிலிகப் பாதிரியார் சபையை விட்டு வெளியேறி, 1830களில் புதிதாக ஒரு வரிசை போட்டார்: விசுவாசிகள் வானத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள், பிறகு ஏழு வருஷ உபத்திரவம், யூதர்கள் தங்கள் தேசத்துக்குத் திரும்புவார்கள், பிறகு கிறிஸ்துவின் ராஜ்யம். 1909இல் வந்த ஸ்கோஃபீல்ட் வேதாகமம் இதையெல்லாம் அடிக்குறிப்பாகவே போட்டுவிட்டது. வசனம் எது, குறிப்பு எது என்று வித்தியாசம் தெரியாமல் அமெரிக்காவில் பல லட்சம் பேர் வளர்ந்தார்கள். 1948இல் இஸ்ரேல் உருவானதும், பார்த்தாயா, கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது என்றார்கள். 2018 மே 14ஆம் தேதி அமெரிக்கத் தூதரகத்தை எருசலேமில் திறந்தபோது நிறைவு ஜெபம் செய்தவர் ஜான் ஹேகி. இந்த வரிசையைப் பல்லாண்டுகளாகப் பிரசங்கிக்கிறவர். அன்றே காஸா எல்லையில் ஆர்ப்பாட்டம் செய்த பாலஸ்தீனர்களில் ஏறத்தாழ 60 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

கடைசியாக ஒன்று. எருசலேமில் மூன்றாவது ஆலயம் கட்டவேண்டும் என்று விரும்பும் யூதக் குழுக்கள் இருக்கின்றன. அவர்களுக்குச் சுத்திகரிப்புச் சடங்கு முக்கியம். அதற்கு எண்ணாகமம் 19ஆம் அதிகாரத்தில் சொன்ன சிவப்புக் கிடாரியின் சாம்பல் வேண்டும். நுகத்தடி படாதது, பழுதில்லாதது, உடம்பில் இரண்டு முடி வேறு நிறத்தில் இருந்தாலும் தள்ளுபடி. 2022 செப்டம்பரில் டெக்சஸிலிருந்து ஐந்து கிடாரிகளை விமானத்தில் ஏற்றி இஸ்ரேலுக்குக் கொண்டுபோனார்கள். ஆலயம் கட்டவேண்டும் என்று அவர்கள் சொல்லும் இடத்தில் அல் அக்ஸா மசூதி வளாகம் இருக்கிறது. 2024 ஜனவரியில் ஹமாஸின் ராணுவப் பேச்சாளர் தன் உரையில் இந்தச் சிவப்பு மாடுகளையும் இழுத்தார். மாடுகளைத் தேடிக் கொடுத்ததில் அமெரிக்கக் கிறிஸ்தவர்களுக்குப் பங்கு உண்டு. அவர்களில் டார்பியின் வரிசையை நம்புகிறவர்கள் கணக்குப்படி, ஆலயம் எழும்பிய பிறகு வரும் உபத்திரவத்தில் யூதர்களில் பெரும்பகுதியினர் மாண்டுபோவார்கள், மிச்சம் இருப்பவர்கள் கிறிஸ்துவை ஏற்பார்கள். மாடுகளை வாங்கிக்கொண்டவர்களுக்கும் இது தெரியும். அதெல்லாம் உங்கள் புத்தகம், மாடு வரட்டும் என்கிறார்கள்.

நேரமாகிவிட்டது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.