செதில் உடுத்திய பட்டைப்பேன்
(ஏற்காட்டில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

காலையில் இங்கே வரும் வழியில் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் நின்றேன். மிளகுக்கொடி ஏறிய மரம். பட்டையில் சாம்பல் நிறத்தில் பாசி படர்ந்திருந்தது. பிரியாணியில் போடுகிறோமே கல்பாசி, அதன் சொந்தம். லென்ஸ் வைத்துப் பார்த்தால், எள்ளளவுப் பூச்சி ஒன்று. இறகை ஓட்டுக்கூரை மாதிரி முதுகில் சாய்த்துக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தது. நெற்றி புடைத்திருந்தது, தின்பதை உள்ளே இழுக்கும் தசை அதற்குள்தான் இருக்கிறது. என் நிழல் விழுந்ததும் பின்பக்கம் ஓடிவிட்டது.

அதுதான் பட்டைப்பேன். யார் ரத்தத்தையும் குடிக்காது, காப்பிச் செடியையும் ஒன்றும் செய்யாது. தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள்.

இவற்றில் வெப்பநாடுகளில் பெருகியிருக்கும் ஒரு குடும்பம் ஆம்ஃபியென்டோமிடே. பாறையிலும் பட்டையிலும் வாழும். அந்துப்பூச்சிக்கு இருப்பதுபோல இறகெல்லாம் செதில். பால்டிக் பகுதியில் கிடைக்கும் ஆம்பரில், அதாவது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இறுகிய மரப்பிசினில், சிக்கிய ஒரு பூச்சிக்கு 1854இல் பிக்டே என்ற பூச்சியியலாளர் ஆம்ஃபியென்டோமம் என்று பெயர் வைத்தார். 1903இல் எண்டர்லைன் என்ற இன்னொரு பூச்சியியலாளர் அந்தப் பெயரிலேயே குடும்பத்தை அமைத்தார்.

சரி, செதில் இருந்தால் எல்லாம் ஒரே குடும்பமா? இல்லை. லெபிடோப்சோசிடே என்று இன்னொரு குடும்பம். அதற்கும் செதில் உண்டு. பக்கத்தில் வைத்தால் அக்கா தங்கை என்றே சொல்வீர்கள். ஆனால் உணர்கொம்பின் கணுக்களை எண்ணுங்கள். லெபிடோப்சோசிடேவுக்கு இருபதுக்கு மேல் போகும். ஆம்ஃபியென்டோமிடேவுக்கு அவ்வளவு இராது. பல குடும்பங்கள் சேர்ந்தது ஒரு துணைவரிசை, துணைவரிசைகள் சேர்ந்தது ஒரு வரிசை. இந்த இரண்டும் வேறு வேறு துணைவரிசை. செதில் தனித்தனியாக இரண்டு வீட்டிலும் வந்திருக்கிறது.

அப்புறம், எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கும் விஷயம் ஒன்று. நான் படித்த காலத்தில் தலைப்பேன் ஒரு வரிசை, பட்டைப்பேன் வேறொரு வரிசை. மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்ததில், பேன்களே பட்டைப்பேன் வம்சத்தில் கிளைத்தவை என்று தெரிந்தது. இன்று இரண்டும் சோகோடியா என்ற ஒரே வரிசையில் இருக்கின்றன. அதிலும் பேன் பிறந்தது ஆம்ஃபியென்டோமிடே இருக்கும் அதே துணைவரிசையில்! ஆக, அச்சு அசலாக இருக்கும் செதில்காரி லெபிடோப்சோசிடேவைவிட, உங்கள் பாட்டி ஈருளி போட்டு இழுத்த பேன்தான் ஆம்ஃபியென்டோமிடேவுக்கு நெருங்கிய சொந்தம்.

பேச்சு முடிந்ததும் லென்ஸோடு அந்த மரத்தடிக்குத்தான் போகிறேன். பிள்ளைகள் யார் வந்தாலும் வாங்க. நிழல் மட்டும் பட்டையில் விழாமல் நில்லுங்கள்.