பெட்டியில வராத பயம்

எல்லாருக்கும் வணக்கம்.

பேய் கேம்னு சொன்னதுமே நிறைய பேர் மனசுல வர்றது துப்பாக்கி, ரத்தம், துரத்திக்கிட்டு வர்ற ஜாம்பி, திடீர்னு ஸ்கிரீன்ல பாயுற ஒரு கோரமான மூஞ்சி, இவ்வளவுதான். நான் இன்னிக்கு பேச வந்தது அதைப் பத்தி இல்லைங்க. கடையில டிஸ்க்கா விக்காம, கன்சோலுக்குள்ளயே இருக்கிற ஆன்லைன் ஸ்டோர்ல இருந்து நேரா இறக்கிக்கிற மாதிரி வந்த சின்ன சின்ன திகில் கேம்கள் இருக்கு பாருங்க, அதைப் பத்தி. என் கட்சி இதுதான்: இந்த கேம்கள் இவ்வளவு ஆழமா பயமுறுத்துனதுக்கு பெரிய காரணம் அது டவுன்லோடா வந்தது, அதே காரணத்தாலதான் அதுல சிலது இன்னிக்கு நம்ம கைக்கே எட்டாம போயிடுச்சு.

முதல்ல அந்தக் காலத்து நிலைமைய கொஞ்சம் சொல்லிடுறேன். எக்ஸ்பாக்ஸ் 360 வந்தது 2005 நவம்பர்ல. அதோட ஆர்கேட் ஸ்டோர்ல ஒரு கேம் போடணும்னா ஆரம்பத்துல 50 எம்பிக்குள்ள அடக்கணும், ஏன்னா ஹார்ட் டிஸ்க் இல்லாத மாடலையும் வித்தாங்க, அதை வாங்குனவங்க 64 எம்பி மெமரி யூனிட்ல தான் சேமிச்சு வைக்கணும். அப்புறம் 150, 350னு ஏத்திக்கிட்டே போனாங்க. நின்டெண்டோ வீ கன்சோலோட வீவேர்ங்கிற டவுன்லோட் கடையில கடைசி வரைக்கும் 40 எம்பி கிட்டதான். இன்னிக்கு நம்ம போன்ல ஒரு நிமிஷம் வீடியோ எடுத்தாலே அதைத் தாண்டிடும். அந்த இடத்துக்குள்ள சினிமா மாதிரி காட்சி, அச்சு அசலா மனுஷ முகம், பெரிய ஆர்கெஸ்ட்ரா, எதையும் வைக்க முடியாது. ஆனா இருட்டையும் அமைதியையும் வைக்கிறதுக்கு இடமே வேண்டாம். பயத்துக்கு தேவையானது முக்கால்வாசி அந்த ரெண்டுதான்.

2009ல வீவேர்ல வந்த லிட்னு ஒரு கேம், வேஃபார்வர்ட் கம்பெனி பண்ணது. இருட்டுல மூழ்கிப் போன ஒரு ஸ்கூல், அதுக்குள்ள ஒரு பையன், காதலியைத் தேடிப் போறான். இருட்டுல கால வச்சா செத்தான். அதனால கவண்கல்லால ஜன்னலை உடைச்சு வெளிச்சத்தை உள்ள விடணும், மேஜை விளக்கைப் போடணும், வெளிச்சம் விழுந்த இடத்துல மட்டும் அடி எடுத்து வைக்கணும். அவ்வளவுதான் கேமே. இருட்டை அலங்காரமா வைக்காம விளையாட்டோட விதியாவே வச்சிருக்காங்க பாருங்க, அதுதான் எனக்கு அதுல பிடிச்சது.

சரி, எல்லாருக்கும் தெரிஞ்ச லிம்போவுக்கு வருவோம். டென்மார்க், கோபன்ஹேகன்ல பிளேடெட்னு ஒரு சின்ன ஸ்டுடியோ, 2010 ஜூலை 21ஆம் தேதி எக்ஸ்பாக்ஸ் லைவ் ஆர்கேட்ல இறக்குனாங்க, விலை 15 டாலர். அதோட இயக்குநர் ஆர்ன்ட் யென்சன் அதுக்கு முன்னாடி ஐஓ இன்டராக்டிவ்ங்கிற கேம் கம்பெனியில ஓவியரா வேலை பார்த்தவரு, 2004 வாக்குலயே ஒரு இருண்ட இடத்தோட படத்தை வரைஞ்சு வச்சிருந்தாரு, அந்தப் படத்துல இருந்துதான் கேமே வளர்ந்துச்சு. அதனால எம்பி பத்தாததாலதான் கருப்பு வெள்ளையில பண்ணாங்கன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அது அவரு வேணும்னே எடுத்த முடிவு.

லிம்போவுல கதை சொல்ற எழுத்து கிடையாது, ஒரு வசனம் கிடையாது. மதிப்பெண் இல்ல, உயிர் எத்தனை பாக்கின்னு காட்டுற பட்டை இல்ல. காட்டுல ஒரு சின்னப் பையன் கண்ணைத் திறக்குறான், ரெண்டு வெள்ளைப் புள்ளி மாதிரி கண்ணு, வலது பக்கம் நடக்க ஆரம்பிக்கிறான். எதுக்குப் போறான்னு கேம் உள்ள யாரும் சொல்ல மாட்டாங்க, தங்கச்சியைத் தேடிப் போறான்ங்கிறது ஸ்டோர்ல போட்டிருந்த ஒரு வரி விவரத்துல இருந்து தெரிஞ்சுக்கிட்டதுதான். கொஞ்ச தூரத்துல மரத்துக்குப் பின்னாடி இருந்து நீளமா ஒரு கால் மட்டும் தெரியும். முதல்ல மரக்கிளைன்னுதான் நினைப்போம், அது அசையும்போதுதான் சிலந்தின்னு புரியும். அந்த சிலந்தி வர்ற இடத்துல மியூசிக் ஏறவே ஏறாது, அதை கவனிங்க. ஹாலிவுட் பாணியில பண்ணியிருந்தா வயலின் கீச்சுன்னு கத்தியிருக்கும், இப்ப பயப்படுன்னு நமக்கு சிக்னல் குடுத்திருக்கும், சிக்னல் வந்துட்டாலே பாதி பயம் போயிடும். இங்க அந்த சிக்னலே கிடையாது.

இதுக்குப் பின்னாடி இருந்தவரு மார்ட்டின் ஸ்டிக் ஆண்டர்சன், ஒலியமைப்பாளர். அவரு படிச்சதே எலக்ட்ரோ அகூஸ்டிக் இசை, அதாவது பதிவு பண்ண சத்தங்களை உருமாத்தி இசையாக்குற துறை. எந்த சத்தமும் இது இன்னதுன்னு ஈசியா அடையாளம் தெரியக் கூடாதுங்கிறதுல குறியா இருந்தாரு, பழைய காலத்து ரெக்கார்டிங் கருவிகள்ல எல்லாம் சத்தத்தை ஓட்டி எடுத்திருக்காரு. காத்தா, மெஷினா, யாரோ மூச்சு விடுறதான்னு நமக்கே தெளிவா தெரியாது, தெரியாததாலதான் காது கூர்மையாகுது. இதே ஆளு அதே ஸ்டுடியோவோட அடுத்த கேமான இன்சைடுக்கு, அது 2016 ஜூன் 29 எக்ஸ்பாக்ஸ் ஒன்ல வந்துச்சு, ஒரு நிஜ மனுஷ மண்டையோட்டை வாங்கி அது வழியா சத்தத்தை அனுப்பி மறுபடி பதிவு பண்ணாரு. காரணம் என்னன்னா, நம்ம குரல் நமக்கு எலும்பு வழியாவும் கேட்குது, அதனாலதான் ரெக்கார்ட் பண்ண நம்ம குரலை நாமளே கேட்டா வேற யாரோ மாதிரி இருக்கு. அந்த எலும்புக்குள்ள இருந்து கேட்குற தன்மை அவருக்கு வேணும். விளையாடுறவங்களுக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது, ஆனா இன்சைடை ஹெட்போன் போட்டு விளையாடுனா சத்தம் வெளிய இருந்து வர்ற மாதிரி இருக்காது, தலைக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும்.

லிம்போ வந்தப்ப நிறைய பேரு ஒரு குறை சொன்னாங்க, 15 டாலர் குடுத்து வாங்குனா ஒரே சாயங்காலத்துல முடிஞ்சிடுதேன்னு. நான் இதை ஒத்துக்க மாட்டேன். பயம்ங்கிறது ஊறுகாய் மாதிரி, தொட்டுக்கத்தான் முடியும், தட்டு நிறைய வச்சுக்கிட்டு சாப்பிட முடியாது. நாப்பது மணி நேரம் ஓடுற திகில் கேம்ல பத்தாவது மணி நேரத்துல பேய் நமக்குப் பழகிடும், அதுக்கப்புறம் நாம எண்ணுறது தோட்டாவைத்தான். மூணு நாலு மணி நேரத்துல ஒரே மூச்சுல முடியுற கேம் அந்தப் பழக்கம் வர்றதுக்குள்ள நம்மள விட்டுடும். கடையில முழு விலைக்கு டிஸ்க் போட்டு விக்கணும்னா இந்த நீளத்துல ஒரு கேமை யாரும் துணிஞ்சு பண்ணியிருக்க மாட்டாங்க, டவுன்லோட் ஸ்டோர் இருந்ததாலதான் இந்த நீளத்துக்கே ஒரு இடம் கிடைச்சுது.

இப்ப நான் ரொம்ப நேரம் பேச விரும்புற கேமுக்கு வரேன். பி.டி.

2014 ஆகஸ்ட் 12. ஜெர்மனியில கேம்ஸ்காம் கண்காட்சி நடக்குற சமயம். பிளேஸ்டேஷன் 4 ஸ்டோர்ல இலவசமா ஒரு டவுன்லோட் வருது. பேரு வெறும் ரெண்டு எழுத்து, பண்ணது 7780எஸ் ஸ்டுடியோன்னு போட்டிருக்கு, அப்படி ஒரு ஸ்டுடியோவை அதுக்கு முன்னாடி யாரும் கேள்விப்பட்டதில்ல. இறக்கிப் பார்த்தா ஒரு வீட்டு நடைபாதை, எல் வடிவத்துல ஒரு திருப்பம். நடந்து போறோம், மணி 23:59ன்னு ஒரு கடிகாரம் காட்டுது, ரேடியோவுல ஒருத்தன் தன் குடும்பத்தையே கொன்ன செய்தி ஓடுது, கடைசியில ஒரு கதவு. திறந்து உள்ள போனா அதே நடைபாதையோட ஆரம்பம். மறுபடி அதே கடிகாரம், அதே 23:59. மறுபடி நடக்கிறோம்.

கையில ஆயுதம் எதுவும் கிடையாது, நடக்கலாம், உத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான் நம்ம சக்தி. ஆனா ஒவ்வொரு சுத்துலயும் ஏதோ ஒண்ணு மாறியிருக்கும். விளக்கோட நிறம் மாறும், போன தடவை பூட்டியிருந்த பாத்ரூம் கதவு இந்த தடவை லேசா திறந்திருக்கும், கூரையில இருந்து ஒரு ஃப்ரிட்ஜ் ஆடிக்கிட்டே தொங்கும். வீடுங்கிறது நமக்குத் தெரிஞ்ச இடம், ரெண்டு மூணு சுத்துலயே அந்த நடைபாதை நமக்கு அத்துப்படி ஆயிடுது, எங்க போட்டோ இருக்கு எங்க போன் இருக்குன்னு சொல்லிடலாம், அதனாலதான் சின்ன மாத்தம் கூட வயித்தைப் பிசையுது. புதுப்புது இடமா காட்டிக்கிட்டே போற கேம்ல இது நடக்காது. ஒரே ஒரு நடைபாதைய வச்சு இதை சாதிச்சாங்கன்னா, அது இட வசதி பத்தாத ஆளுங்க கண்டுபிடிச்ச பாடத்தை பெரிய கம்பெனி எடுத்துக்கிட்டதுன்னுதான் நான் பார்க்குறேன்.

ஆமாங்க, பெரிய கம்பெனிதான். புதிரை எல்லாம் அவிழ்த்து கடைசிக்குப் போனா திரையில வந்துச்சு, இது பேர் போன ஜப்பான் கேம் இயக்குநர் ஹிடியோ கோஜிமாவும் சினிமா இயக்குநர் கில்லர்மோ டெல் டோரோவும் சேர்ந்து கொனாமிங்கிற கேம் கம்பெனிக்குப் பண்ணப் போற, சைலன்ட் ஹில் திகில் வரிசையோட அடுத்த கேமான சைலன்ட் ஹில்ஸோட முன்னோட்டம், நடிகர் நார்மன் ரீடஸ் அதுல நடிக்கிறாருன்னு. மக்கள் இதைக் கண்டுபிடிக்க ஒரு வாரமாவது ஆகும்னு கோஜிமா கணக்குப் போட்டிருந்தாரு, சில மணி நேரத்துலயே கண்டுபிடிச்சிட்டாங்க. ஆனா நான் சொல்ல வர்றது அந்த சில மணி நேரத்தை. அட்டை இல்ல, இது பெரிய ஆள் பண்ணதுங்கிற தகவல் இல்ல, பேய்ப் படம்னு தெரிஞ்சு தியேட்டருக்குப் போற தைரியம் கூட இல்லாம, இது என்னன்னே தெரியாம ஜனங்க அந்தக் கதவைத் திறந்தாங்க. பெட்டியில அச்சடிச்சு கடையில வச்சா இது நடக்கவே நடக்காது.

இன்னொரு விஷயம். லிசான்னு ஒரு பேய் அந்த வீட்டுல சுத்துது. 2019ல ஒரு மாடர், அதாவது கேமோட உள் நிரலை மாத்திப் பார்க்குற ஆளு, கேமராவை ஹேக் பண்ணி பின்னாடி திருப்பிப் பார்த்தாரு, நம்ம கைக்கு டார்ச் வந்த நேரத்துல இருந்து லிசாவை நம்ம முதுகோட ஒட்டியே வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சுது. அஞ்சு வருஷமா யாரும் பார்க்காத ஒண்ணு! கண்ணுல பட்டதே இல்ல, ஆனா யாரோ பின்னாடி நிக்கிறாங்கங்கிற உணர்வு மட்டும் விளையாடுன அத்தனை பேருக்கும் இருந்துச்சு. அப்பப்ப தெரியுற நிழலும் மூச்சு சத்தமும் வீணா வரலைன்னு அன்னிக்குத்தான் ஊருக்கே புரிஞ்சுது.

இப்ப கசப்பான பாதி. 2015 ஏப்ரல்ல சைலன்ட் ஹில்ஸ் ரத்து ஆச்சு. ஏப்ரல் 29ஆம் தேதி பி.டி.யை ஸ்டோர்ல இருந்து எடுத்துட்டாங்க. எடுத்தது மட்டும் இல்ல, ஏற்கனவே இறக்கி வச்சிருந்து நடுவுல அழிச்சவங்க, அவங்க கணக்குல அது இருந்தும் கூட, மறுபடி இறக்க முடியாம அடைச்சிட்டாங்க. பி.டி. உள்ள இருக்கிற பழைய பிளேஸ்டேஷன் 4 கன்சோல்களை ஆயிரம் டாலருக்கு மேல விலை போட்டு இபேல விக்க வச்சாங்க. 2018ல 17 வயசு ரசிகர் ஒருத்தர் அதை அப்படியே மறுபடி கட்டி இலவசமா குடுத்தாரு, கொனாமி கேட்டுக்கிட்டதால அதையும் நிறுத்த வேண்டியதா போச்சு. ஒரு புத்தகம் அச்சுல நின்னு போனா பழைய புத்தகக் கடையில தேடலாம். டிஸ்க்ல வந்த கேம்னா யாரோ ஒருத்தர் அலமாரியில இருக்கும். இது சர்வர்ல மட்டுமே இருந்த ஒண்ணு, சர்வர்ல இருந்து எடுத்தா எடுத்ததுதான்.

இது ஒரு கேமோட கதை இல்லைங்க. வீ ஸ்டோர் 2019 ஜனவரி 30ல மூடிட்டாங்க, லிட் அந்தக் கடையிலதான் இருந்துச்சு. வீக்கு அடுத்து வந்த நின்டெண்டோ கன்சோலான வீ யூவோட ஸ்டோர்ல 2023 மார்ச் 27க்கு அப்புறம் எதுவும் வாங்க முடியாது. எக்ஸ்பாக்ஸ் 360 ஸ்டோர் 2024 ஜூலை 29ல மூடியாச்சு. வீ யூவுல 2015ல இயர் வாக்னு ஒரு கேம் வந்துச்சு, சுவீடன்ல மால்மோவுல இருக்கிற சிமோகோ பண்ணது. அந்த ஊரு கிராமத்து நம்பிக்கை ஒண்ணு, வருஷக் கடைசி ராத்திரியில சாப்பாடு இல்லாம நெருப்பு இல்லாம இருட்டறையில அடைஞ்சு கிடந்துட்டு நடுச்சாமத்துல சர்ச்சுக்கு நடந்து போனா அடுத்த வருஷம் யாரு சாவாங்கங்கிறது தெரியும்னு. பனி மூடுன காட்டுல அந்த நடையைத்தான் விளையாடுறோம், வழியில குழந்தைகளோட ஆவி, ஆத்துக் குதிரை எல்லாம் வரும். அது முதல்ல போன்ல வந்தது, கம்ப்யூட்டருக்கும் வந்துச்சு, அதனால கதை பிழைச்சுக்கிச்சு, ஆனா டிவியில காடு, கையில இருக்கிற ரெண்டாவது ஸ்கிரீன்ல மேப்பும் குறிப்பும்னு பிரிச்சு வச்ச அந்த வீ யூ வடிவத்தை இன்னிக்குப் புதுசா யாரும் வாங்க முடியாது. எனக்கு இது ஒரு சின்ன இழப்பா படல.

கம்பெனிங்க எல்லாத்தையும் காலகாலத்துக்கும் ஓட்டணும்னு நான் கேட்கல, சர்வருக்கு செலவு இருக்கு, லைசென்ஸ் முடியும், புரியுது. ஆனா காசு குடுத்து வாங்குனவனும் சரி, இலவசமா குடுத்ததை இறக்குனவனும் சரி, அவன் கணக்குல இருக்கிறதை அவன் மறுபடி இறக்கிக்கிறதுக்காவது வழிய விட்டு வைக்கணும். நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் ஒரு பிரதி வச்சுக்க அனுமதி வேணும். ஒரு கலைப்படைப்புக்கு இது அதிகப்படியான கோரிக்கை கிடையாது.

பி.டி. போனாலும் அதோட வித்து போகல. போலந்துல கிராக்கோவ்ல இருக்கிற புளூபர் டீம் 2016ல லேயர்ஸ் ஆஃப் ஃபியர்னு ஒண்ணு பண்ணாங்க, ஒரு ஓவியரோட வீடு, திரும்பிப் பார்த்தா வந்த அறையே மாறியிருக்கும். அதே டீம்கிட்டதான் கொனாமி சைலன்ட் ஹில் 2ஐ மறுபடி உருவாக்கச் சொல்லி குடுத்துச்சு, 2024 அக்டோபர்ல வெளிவந்துச்சு. அதே வருஷம் ஜனவரி 31ல கொனாமி பிளேஸ்டேஷன் 5 ஸ்டோர்ல ஒரு சின்ன சைலன்ட் ஹில் கேமை இலவசமா விட்டாங்க, தி ஷார்ட் மெசேஜ்னு. பி.டி. அளவுக்கு அது என்னை உலுக்கல, ஆனா இலவசமா, சின்னதா, ஒரே ராத்திரியில முடியுற மாதிரி ஒரு திகிலுக்கு இன்னும் இடம் இருக்குங்கிறதே எனக்கு சந்தோஷம்.

லிம்போவும் இன்சைடும் இன்னிக்கும் பல கன்சோல்ல கிடைக்குது. ஆரம்பிக்கிறவங்க இன்சைட்ல ஆரம்பிங்க, லைட்டை அணைச்சுட்டு, ஹெட்போன் போட்டு, நடுவுல போனை எடுக்காம ஒரே உட்கார்வுல. வீட்டுல சின்னப் பசங்க இருந்தா அவங்க தூங்குனதுக்கு அப்புறம் விளையாடுங்க, ரெண்டு கேம்லயும் சாகுற பையனோட காட்சிகள் கொடூரமா இருக்கும், அவங்க கண்ணுல படாம இருக்கிறதுதான் நல்லது. பின் வரிசையில இருந்து ஒரு தம்பி ரொம்ப நேரமா கையத் தூக்கிக்கிட்டே இருக்காரு, மைக்கை அவருகிட்ட குடுங்க, கேள்விகளுக்குப் போவோம்.