திருடு போன வீட்டுக்கே மறுபடியும்

நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெருவில் பல வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. நாலாவது வீட்டில் எல்லோரும் கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பின்கட்டுக் கதவை நெம்பித் திருடிவிட்டார்கள். நகை போயிற்று, வெள்ளிக் குத்துவிளக்கு போயிற்று. அன்று சாயங்காலம் தெருவே அங்கே கூடி ஆறுதல் சொன்னது. "விடுங்க அக்கா, எடுக்கிறதை எடுத்துட்டான், இனிமே உங்க வீட்டுப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டான்." நானும் அதையேதான் சொன்னேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதே வீடு, அதே பின்கதவு. இந்த முறை தவணையில் வாங்கிய புது டிவி. நான் போனபோது அந்த அக்கா அடுக்களை வாசலில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். முதல் திருட்டுக்குப் பிறகு தச்சர் அடித்துக் கொடுத்த ஒட்டுப்பலகை, இன்னும் வர்ணம்கூட அடிக்காதது, இரண்டாகப் பிளந்து தொங்கியது.

கல்லூரியில் சமூகவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பலகை மனசை விட்டுப் போகவே இல்லை. குற்றம் மழை மாதிரி எல்லார் தலையிலும் ஒரே அளவாகப் பெய்வதில்லை. சில வீட்டில், சில தெருவில், சில ஆட்கள் மேல்தான் திரும்பத் திரும்ப விழுகிறது. ஏன்?

அமெரிக்காவில் லாரன்ஸ் கோஹென், மார்கஸ் ஃபெல்சன் என்று இரண்டு சமூகவியலாளர்கள் 1979-இல் ஒரு பதில் சொன்னார்கள். எடுக்க நினைக்கிறவன், எடுக்கத் தோதான பொருள், பார்த்துக்கொள்ள ஆளில்லாத நேரம். மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் திருட்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்த நாட்டில் வசதி பெருகியது, திருட்டும் பெருகியது. வேலைக்குப் போகிறவர்கள் அதிகமாகி வீடுகள் பகலில் காலியாக இருந்தன. வீட்டுச் சாமான்களோ வருஷத்துக்கு வருஷம் விலை கூடி, எடை குறைந்து, ஒரு கையால் தூக்கிப் போகிற அளவுக்கு வந்துவிட்டன. ஆளில்லாத நேரம் என்பது நமக்குத் தெரியாததா? விடிந்து ஒன்பது மணியாகியும் வாசல் தெளிக்கவில்லை, கோலம் இல்லை, பால் பாக்கெட் கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. தெருவில் போகிற யாருக்கும் அது புரியும்.

சரி, திரும்ப அதே வீட்டுக்கு ஏன் வருகிறான்? இதற்கு நான் எப்போதும் சொல்வது கிர்க்ஹோல்ட் கதையைத்தான். இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் இருக்கிற ஒரு குடியிருப்பு அது, நம் ஊர் ஹவுசிங் போர்டு மாதிரி. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். 1980-களின் நடுவில் அங்கே வீடு புகுந்து திருடுவது அன்றாடக் கதையாகிவிட்டது. கென் பீஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் பறிகொடுத்தவர்களிடம் பேசினார்கள், அண்டை வீட்டாரிடம் பேசினார்கள், பிடிபட்ட திருடர்களிடமும் உட்கார்ந்து பேசினார்கள். ஒருமுறை திருடு போன வீட்டுக்கு மறுபடி திருட்டு வர, மற்ற வீடுகளைவிட நாலு மடங்கு வாய்ப்பு என்று தெரிந்தது. நாங்கள் அந்த அக்காவிடம் சொன்னதற்கு நேர்மாறு! திருடனுக்கு வழி தெரியும், எந்தக் கதவு லேசானது என்று தெரியும், போன தடவை தூக்க முடியாமல் விட்டுப்போன சாமான் எது என்றும் தெரியும். போனதற்குப் பதிலாகப் புதுசு வந்திருக்கும் என்பதும் தெரியும்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அங்கே நிறைய வீடுகளில் மின்சாரத்துக்கும் கேஸுக்கும் காசு போடுகிற மீட்டர் இருந்தது. காசு போட்டால்தான் விளக்கு எரியும். அதாவது வீட்டுக்குள்ளேயே ஒரு உண்டியல். யார் வீட்டில்? கட்டணத்தை மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் வீட்டில். இல்லாதவர்கள் வீட்டில்தான் திருட என்ன இருக்கிறது என்று கேட்கிறோம். இல்லாமையே அங்கே ஒரு பணப்பெட்டியைக் கொண்டுவந்து மாட்டிவைத்திருந்தது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் என்ன செய்தார்கள்? எல்லா வீட்டுக்கும் பூட்டு மாட்டவில்லை. திருடு போன வீட்டுக்கு முதலில் போனார்கள். அங்கே காசு மீட்டரை எடுத்தார்கள், கதவு ஜன்னலை உறுதிப்படுத்தினார்கள். அதைச் சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டுக்காரர்களிடம் மட்டும், கொஞ்சம் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். மூன்றே வருஷத்தில் அந்தக் குடியிருப்பில் திருட்டு முக்கால் பங்கு குறைந்தது. திருடு போன வீட்டுக்கு முதலில் போனார்கள், அவ்வளவுதான். இதை நான் நூறு மேடையில் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

அந்த அக்காவை, "பீரோவை ஏன் பூட்டாமல் போனீர்கள்" என்று கேட்டவர்கள் எங்கள் தெருவில் இருந்தார்கள். தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். வாய்ப்பு எங்கே கூடுகிறது என்று பார்ப்பது வேறு, பறிகொடுத்தவர் மேல் பழி போடுவது வேறு.

ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல நாட்டுக் கணக்கெடுப்புகளில், ராத்திரி வெளியே போக அதிகம் பயப்படுகிறவர்கள் வயதானவர்கள். தெருவில் அடிதடிக்கு அதிகம் ஆளாகிறவர்களோ இளவட்டப் பையன்கள். யார் எந்த நேரத்தில், யாரோடு, எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் காரணம். ஆனால் பல பெண்களுக்கு ஆபத்து தெருவில் இல்லை, தாழ்ப்பாள் போட்ட கதவுக்கு உள்ளே, கூடவே வாழ்கிறவனிடம் இருக்கிறது. அங்கே எந்தப் பூட்டு காப்பாற்றும்? இதற்கே தனியாக ஒரு உரை வேண்டும்.

நேரம் நெருங்குகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். தெருவுக்குத் தெரு ஏன் வித்தியாசம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிகாகோ நகரில் ராபர்ட் சாம்ப்சன் என்ற சமூகவியலாளரும் அவருடைய சகாக்களும் 343 பகுதிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டார்கள், 1997-இல் முடிவை வெளியிட்டார்கள். அண்டை அயலார் ஒருவரை ஒருவர் நம்பி, ஒன்று என்றால் எழுந்து வருகிற பகுதிகளில் வன்முறை குறைவு. வறுமையைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். அவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். பள்ளிக்கூடம் போகாமல் பிள்ளைகள் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தால், உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நின்று ஒரு வார்த்தை கேட்பாரா?

வணக்கம்.