பிறருக்காக ஜெபிப்பது எதற்கு?

[காட்சி: சுங்கை சிப்புட். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய சாலை, மாலை ஜெபக்கூட்டம்.]

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில், வார நடுவே கூடும் தமிழ் ஜெபக்கூட்டங்களில் துண்டுத் தாள்களில் எழுதிய ஜெபக்குறிப்புகளைக் காணலாம். மகளின் எஸ்பிஎம் (பள்ளியிறுதித்) தேர்வு, வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் தகப்பனார், சிங்கப்பூரில் வேலை பெர்மிட் முடியப்போகும் மருமகன் என்று மூப்பர் ஒவ்வொன்றாக வாசிக்க, எழுதியவரை அறியாதவர்களும் அவருக்காக மன்றாடுகிறார்கள். எல்லாம் அறிந்த கடவுளிடம் ஒருவருக்காக இன்னொருவர் எதற்குக் கேட்க வேண்டும்?

[காட்சி: திறந்த வேதாகமம், ஆதியாகமம் 18.]

பாவத்துக்காக அழிவை எதிர்நோக்கிய சோதோம் நகரில் 50 நீதிமான்கள் இருந்தால் அந்த ஊரை அழிப்பீரோ என்று கடவுளிடம் கேட்கத் தொடங்கிய ஆபிரகாம், 45, 40, 30, 20 என்று இறங்கி 10 பேரில் வந்து நிற்கிறார். இதில் பலரும் கவனிக்காமல் விடுவது, கடவுள் ஒரு முறைகூட மறுக்கவில்லை என்பதே. ஆறு முறையும் இசைகிறார், நிறுத்திக்கொள்பவர் ஆபிரகாம்தான். ஆகவே, மனமில்லாத கடவுளை இணங்கவைக்கும் முயற்சியாக இந்த மன்றாட்டைக் கொள்வது பொருந்தாது. நகரத்தின் கதியைக் கடவுளே முன்வந்து ஆபிரகாமிடம் வெளிப்படுத்தினார் என்றுதான் அந்த அதிகாரம் சொல்கிறது. சோதோம் தப்பவில்லை. ஆனால் அடுத்த அதிகாரத்தின் 29-ஆம் வசனம், கடவுள் ஆபிரகாமை நினைத்து, அங்கே குடியிருந்த அவருடைய சகோதரன் மகன் லோத்தைத் தப்புவித்தார் என்கிறது. ஆபிரகாமோ தம் வேண்டுதலில் லோத்தின் பெயரைச் சொல்லவே இல்லை.

மாற்கு 2-ஆம் அதிகாரத்தில், திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்துவந்து கூரையைப் பிரித்து இறக்கும்போது, இயேசு கண்டது 'அவர்கள்' விசுவாசத்தை. நடக்க இயலாதவனுக்காக நடந்தவர்கள் அவர்கள். தன்னால் ஜெபிக்க முடியாத அளவுக்குச் சோர்ந்தவருக்காக ஜெபிப்பதும் அத்தகையதே.

[காட்சி: பினாங்கு மாநிலத்தின் புக்கிட் மெர்தாஜாம், புனித அன்னம்மாள் ஆலயம்.]

ஜூலை 26-ஆம் தேதி திருநாளையொட்டி இங்கே திரளும் கத்தோலிக்கர், மரியாளிடமும் அவர் தாயாராகிய புனித அன்னம்மாளிடமும் தங்களுக்காகப் பரிந்துபேசும்படி கேட்கிறார்கள். 1 தீமோத்தேயு 2:5 கிறிஸ்து ஒருவரையே மத்தியஸ்தர் என்பதால், புராட்டஸ்டண்ட் சபைகள் இதை ஏற்பதில்லை. ஆனால் அதே அதிகாரத்தின் முதல் வசனம் எல்லா மனிதருக்காகவும் விண்ணப்பம் செய்யச் சொல்வதால், உயிரோடிருக்கும் ஒருவர் மற்றவருக்காக வேண்டுவதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

[காட்சி: மடித்த துண்டுத் தாள்கள்.]

எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்களாக இருக்கும் தோட்டப்புறத்தில், வட்டிக் கடனும் கணவன் மனைவி பிணக்கும் ஜெபக்குறிப்பாக ஏறிய மறுநாள் காலையே சாப்பாட்டுக் கடையில் பேச்சாக மாறிவிடக்கூடும். அதை ஜெபம் என்று அழைப்பது கூசத்தக்கது. எனவே குறிப்பை வாசிப்பதற்கு முன் எழுதியவரிடமோ வீட்டாரிடமோ அனுமதி கேட்பதும், தயங்குகிறவருக்காக 'ஒரு குடும்பத்தின் சமாதானத்துக்காக' என்று மட்டும் சொல்லி நிறுத்துவதும் ஜெபக்கூட்டத்தை நடத்துபவரின் பொறுப்பு.