புத்தகத்தின் முதுகில் ஒட்டிய எண் யாருடைய முடிவு?

[திரையில்: மேசைமேல் மூன்று புத்தகங்கள். அட்டைகள் மறைந்திருக்கின்றன, முதுகுகள் மட்டும் தெரிகின்றன.]

குரல்: மூன்று புத்தகங்களை எடுத்து வைத்திருக்கிறேன். முதலாவது, பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி யாளியின் மேல் ஏறிப் போருக்குப் போகும் தமிழ்க் கதை. இரண்டாவது, பௌத்த மதத்தைப் பற்றியது. மூன்றாவது, தேர்தல்களைப் பற்றியது. அட்டைகளை வேண்டுமென்றேதான் மறைத்திருக்கிறேன். முதுகில் ஒட்டியிருக்கும் சிறு சீட்டைப் பாருங்கள்.

[திரையில்: சீட்டுகள் பெரிதாகின்றன. 894.811, 294.3, 324.]

நூலகத்தில் இந்த எண்களை முகவரிகளாகத்தான் நாம் பயன்படுத்துகிறோம். எண்ணைத் தேடி, அலமாரியைக் கண்டுபிடித்து, புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். ஆனால் ‘இந்தப் புத்தகம் எதைப் பற்றியது’ என்று யாரோ ஒருவர் யோசித்து முடிவு செய்த பிறகுதான் அந்தச் சீட்டு ஒட்டப்படுகிறது. முடிவு என்று வந்துவிட்டால் சண்டையும் வரும். வந்திருக்கிறது.

[திரையில்: 000 முதல் 999 வரை ஓர் எண்கோடு, பத்துத் துண்டுகளாக.]

இது டூயி தசமப் பகுப்பு. மெல்வில் டூயி என்ற அமெரிக்கர் 1876-இல் வெளியிட்டது. அப்போது அவருக்கு வயது 24. அறிவு முழுவதையும் பத்து வகுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மறுபடி பத்தாக, அதையும் பத்தாக உடைத்துக்கொண்டே போனார். 100 தத்துவம், 200 மதம், 300 சமூக அறிவியல், 800 இலக்கியம். அரசியல் 320-இல் இருக்கிறது. எண் நீள நீளப் பொருள் குறுகும். இந்த யோசனை தேவாலயத்தில் ஒரு நீண்ட பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது தோன்றியதாகப் பின்னாளில் அவரே எழுதினார். பிரசங்கத்தை அவர் எவ்வளவு கவனித்தார் என்பது வேறு விஷயம். ஆனால் அந்தத் தேவாலயம் அவருடைய எண்களுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

[திரையில்: 200 முதல் 299 வரை நூறு கட்டங்கள். 220 முதல் 289 வரை நிறம் ஏறுகிறது.]

நிறம் ஏறிய கட்டங்களை எண்ணுங்கள். எழுபது. விவிலியத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் மட்டும் நூற்றுக்கு எழுபது இடங்கள். உலகத்தின் மற்ற மதங்கள் எல்லாம் 290 என்ற ஒற்றை வரிசைக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன. யூத மதம் 296, இஸ்லாம் 297. பௌத்தத்துக்கும் இந்து மதத்துக்கும் முழு எண்கூட இல்லை. 294.3 ஒன்றுக்கு, 294.5 மற்றொன்றுக்கு. இதனால் நடைமுறையிலேயே ஒரு தொல்லை உண்டு. இந்து மதத்தின் ஏதாவது ஒரு நுணுக்கமான கிளையைப் பற்றி எழுதினால், புள்ளிக்குப் பின்னால் இலக்கங்கள் வால்போல் நீண்டுகொண்டே போகும். மெலிந்த புத்தகமாக இருந்தால் முதுகில் சீட்டு ஒட்டவே இடம் போதாது.

டூயியை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சீன நூலகப் பகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 22 வகுப்புகள். முதல் வகுப்பு மார்க்சியம், லெனினியம், மாவோ சிந்தனை. தத்துவமும் மதமும் அதற்குப் பிறகுதான். சோவியத் நாட்டின் பகுப்பிலும் முதலிடம் மார்க்சிய லெனினியத்துக்கே. டூயியிலோ மார்க்சியத்துக்கான 335.4 பொருளாதாரத்துக்குள் போய்ச் சேர்ந்திருக்கிறது, அரசியலுக்குள்கூட இல்லை. அவரவர் வீட்டுப் பூஜை அறையை அவரவர் முன்வாசலில் கட்டிக்கொண்டார்கள்.

[திரையில்: பத்துத் தலைகள் கொண்ட ஓர் அரசனின் கோட்டோவியம். அதிலிருந்து மூன்று அம்புகள்.]

இப்போது கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம். பத்துத் தலை அரசன் ஒருவன் இருக்கிறான். கடல் கடந்து ஒருத்தியைத் தூக்கிப்போகிறான். அவன் கதை எந்த அலமாரியில் இருக்கும்?

இராமாயணம் புனித நூலாக வரும்போது 294.5922, அதாவது மத அலமாரி. கம்பனின் பாடல்களாக வரும்போது 894.811 என்று தொடங்கும் தமிழ் இலக்கிய அலமாரி. இலங்கை அரசனைப் பற்றி மக்கள் வாய்வழியாகச் சொல்லிவந்த கதைகளை ஒருவர் தொகுத்தால் 398.2, நாட்டார் கதைகள். இந்த 398 எந்த வகுப்பு என்று பாருங்கள். சமூக அறிவியல். தேர்தல் நூலுக்கு ஒரே வகுப்பில் உறவு. நாளைக்கே ஒரு எழுத்தாளர் அதே அரசனைப் பதின்ம வயதுப் பையனாக்கி மிகைபுனைவு நாவல் எழுதினால், அது திரும்பவும் 894.811-க்கு வந்து கம்பனோடு ஒரே வகுப்பில் சேரும்.

அரசன் ஒருவன்தான், தலைகளும் அதே பத்துதான். வணங்கினால் ஓர் எண், பாடினால் ஓர் எண், பாட்டி சொன்னால் ஓர் எண்.

யாளிக் கதையின் சீட்டைத் திரும்பப் பாருங்கள். 894.811 என்பது ‘தமிழ் இலக்கியம்’ என்று மட்டுமே சொல்கிறது. யாளி இருக்கிறது, மந்திரம் இருக்கிறது, கதாநாயகிக்குப் பதினான்கு வயது என்பதெல்லாம் அந்த எண்ணில் எங்குமே கிடையாது. புனைவு என்று வந்துவிட்டால் மொழியும் வடிவமும்தான் இந்தப் பகுப்புக்கு முக்கியம். அதனால்தான் பல நூலகங்கள் புனைவுக்கு மட்டும் எண்ணை விட்டுவிட்டு, ‘இளையோர்’ என்று தனி அலமாரி போட்டு ஆசிரியர் பெயர் வரிசையில் அடுக்கிவிடுகின்றன.

‘இளையோர்’ என்பதோ பொருள்கூட இல்லை, வாசகரின் வயது. அமெரிக்கப் பதிப்புத்துறையின் பகுப்பில் 12 முதல் 17 வரை. வயது ஒரு வகையாக மாறும்போது என்ன நடக்கும் என்பதற்கு நல்ல உதாரணம் ஹாரி பாட்டர். அந்த வரிசையின் முதல் மூன்று நூல்களும் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் விற்பனைப் பட்டியலில் மேலிடங்களைப் பிடித்துக்கொண்டு இறங்க மறுத்தன. நான்காவது நூல் வெளியான 2000 ஜூலை மாதத்தில் அந்த நாளிதழ் சிறுவர் நூல்களுக்குத் தனிப் பட்டியல் ஒன்றைத் தொடங்கியது. மாயப் பள்ளிக்கூடம் அங்கே இடம்பெயர, பெரியவர்களின் நாவல்கள் மூச்சுவிட்டன. இதற்கு நேர்மாறான வேலையை இங்கிலாந்துப் பதிப்பகம் 1998-லேயே செய்திருந்தது. முதல் நூலைப் பெரியவர்களுக்கென்று வேறு அட்டையில் வெளியிட்டார்கள். உள்ளே ஒரு சொல் மாறவில்லை.

[திரையில்: கறுப்பு வெள்ளையில் ஒரு பழைய அட்டவணைப் பெட்டி. இழுப்பறை திறக்கிறது.]

இதுவரை சொன்னது வேடிக்கை. இனிச் சொல்லப்போவது அப்படி அல்ல. 1930-களில் அமெரிக்காவின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் டோரதி போர்ட்டர் என்ற நூலகர், கறுப்பின மக்கள் எழுதியவற்றையும் அவர்களைப் பற்றி எழுதப்பட்டவற்றையும் தொகுத்து அடுக்கிக்கொண்டிருந்தார். மற்ற நூலகங்கள் எப்படி வகைப்படுத்துகின்றன என்று விசாரித்தபோது இரண்டு எண்கள் திரும்பத் திரும்ப வந்தன. 325 குடியேற்றம், 326 அடிமைமுறை. கறுப்பினக் கவிஞர் ஒருவரின் கவிதைத் தொகுப்புகூட, கவிதை அலமாரிக்குப் போகாமல் குடியேற்றத்துக்குப் போயிருந்தது. எழுதியவரின் தோலைப் பார்த்து ஒட்டிய சீட்டு அது. போர்ட்டர் அந்த இரண்டு எண்களுக்குள் அடங்க மறுத்துவிட்டார். கவிதை கவிதையோடு, வரலாறு வரலாற்றோடு, மதம் மதத்தோடு என்று புத்தகத்தின் பொருளைப் பார்த்து அடுக்கினார். ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாமல், சீட்டை மாற்றி ஒட்டியே செய்த அரசியல்.

[திரையில்: துளைகள் கொண்ட உலோகப் பட்டைகள், திருகாணிகள். ஒரு கை அவற்றைப் பொருத்துகிறது.]

எண்களைக் கொஞ்சம் நகர்த்துவது ஒரு வழி. அடிப்படையையே மாற்றுவது இன்னொரு வழி. சீர்காழியில் பிறந்த கணித ஆசிரியர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானார். அதே ஆண்டு லண்டனுக்குப் படிக்கப் போனவர், அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே பட்டைகளும் திருகாணிகளும்தான். ஒருமுறை பாலமாகின்றன, ஒருமுறை பாரந்தூக்கியாகின்றன. டூயியின் எண்கள் முன்பே கட்டி முடித்த அறைகள். ரங்கநாதனோ அறையைக் கட்டித் தரவில்லை, பட்டைகளைத் தந்தார். 1933-இல் வெளியான அவருடைய கோலன் பகுப்பில், ஒரு நூலின் பொருளைக் கூறுகளாகப் பிரித்து, முக்காற்புள்ளி போன்ற குறிகளால் திருகி இணைக்க வேண்டும்.

இலக்கியத்தில் அவர் செய்தது எனக்கு மிகவும் பிடிக்கும். மொழி, வடிவம், அடுத்து ஆசிரியர். ஆசிரியரைக் குறிக்கப் பெயருக்குப் பதிலாகப் பிறந்த ஆண்டு! ஷேக்ஸ்பியர் என்றால் 1564. அலமாரியில் எழுத்தாளர்கள் மூத்தவர் முன்னே, இளையவர் பின்னே என்று நிற்பார்கள். அழகான ஏற்பாடுதான், ஆனால் குறியீடுகள் வாசகரை மிரட்டின. இன்று உலகில் மிகப் பரவலாகப் பயன்படுவது டூயியின் பகுப்புதான். ரங்கநாதனின் கூறுமுறை மட்டும் மற்ற பகுப்புகளுக்குள் புகுந்து வேலை செய்துகொண்டிருக்கிறது.

[திரையில்: மேசைமேல் நான்காவது புத்தகம் வைக்கப்படுகிறது. முதுகில் சீட்டு இல்லை.]

மேசைக்கு இன்னொன்று வந்திருக்கிறது. மதமும் அரசியலும் ஒன்றோடொன்று எப்படி மல்லுக்கு நிற்கின்றன என்று பேசும் நூல். அரசின் பக்கம் நின்று எழுதியிருந்தால் 322.1. மதங்களின் பக்கம் நின்று பொதுவாக எழுதியிருந்தால் 201.72. கிறிஸ்தவத்தை மட்டும் பேசினால் 261.7, இஸ்லாத்தை மட்டும் பேசினால் 297.272. ஆசிரியர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று அட்டை சொல்லாது. தலைப்பும் பெரும்பாலும் சொல்லாது. முன்னுரையைப் படிக்க வேண்டும், இயல் தலைப்புகளைப் பார்க்க வேண்டும், சில நேரம் கடைசி இயல்வரை போக வேண்டும். அப்படியும் இரண்டு நூலகர்கள் இரண்டு எண் போடுவார்கள். ஒரே நூலை ஒரு நூலகத்தில் மத அலமாரியிலும் மற்றொன்றில் அரசியல் அலமாரியிலும் நானே எடுத்திருக்கிறேன்.

[திரையில்: நான்கு புத்தகங்களும் ‘திரும்பி வந்தவை’ என்று எழுதிய தள்ளுவண்டியில். யாளிக் கதை மேல் பௌத்தம் சாய்ந்திருக்கிறது, தேர்தல் நூல் தலைகீழாகக் கிடக்கிறது.]

நூலகத்துக்குப் போனால் நான் முதலில் போய் நிற்பது இந்த வண்டியின் முன்னால்தான். நேற்று யாரோ படித்துவிட்டுக் கொடுத்தவை, கொடுத்த வரிசையிலேயே கிடக்கும். ஊழியர் வந்து எடுத்து அடுக்க இன்னும் அரை மணி நேரம் ஆகும்.