பீட்டில்ஸ் இசைக்குழு உடைந்தபின், நால்வரில் தனி இசையால் முந்திக்கொண்டவர் யார்? லெனனும் அல்லர், மெக்கார்ட்னியும் அல்லர்!

[திரையில்: மூன்று இசைத்தட்டுகள் அடங்கிய கனத்த பெட்டி]

வணக்கம். 1967-இல் பீட்டில்ஸ் வெளியிட்ட ‘சார்ஜன்ட் பெப்பர்’ தொகுப்பின் 13 பாடல்களில் ஜார்ஜ் ஹாரிசன் எழுதியது ஒன்றே ஒன்று. அதே ஹாரிசன், குழு உடைந்த 1970-ஆம் ஆண்டின் நவம்பரிலேயே, மூன்று இசைத்தட்டுகளை ஒரே பெட்டியில் வைத்து ‘ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்’ என்று வெளியிட்டார். அமெரிக்காவில் அது ஏழு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

பின்னணி சுருக்கமாக: இங்கிலாந்தின் லிவர்பூலில் தொடங்கிய, லெனன், மெக்கார்ட்னி, ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய நால்வர் குழுவிலிருந்து விலகுவதாகப் பால் மெக்கார்ட்னி 1970 ஏப்ரலில் அறிவித்தார், பிறகு விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

[திரையில்: ஹாரிசனின் கிட்டார்]

மூன்று தட்டுகளை நிரப்பும் அளவுக்குப் பாடல்கள் எங்கிருந்து வந்தன? பெட்டியின் பெயரைத் தாங்கிய பாடலையே 1969 ஜனவரியில் குழுவினர் பலமுறை ஒத்திகை பார்த்துவிட்டு, பதிவு செய்யாமல் கைவிட்டார்கள். கூட்டுக் குடும்பத்தில் தன் விளைச்சலுக்குக் களத்தில் இடம் கிடைக்காத இளையவர், பாகம் பிரித்த மறுநாளே தன் நெற்களஞ்சியத்தைத் திறந்து காட்டியதுபோல் இருந்தது அந்தப் பெட்டி.

அதிலுள்ள ‘மை ஸ்வீட் லார்ட்’ பாடலைக் காதொலிப்பான் மாட்டிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். முதலில் கிட்டார்களின் சீரான மீட்டல். அதன்மேல் தந்தியில் உலோகக் குழாயை வழுக்கி எழுப்பும் நாதம், ஏறக்குறைய ஒரு கமகம். பின்னணிக் குரல்கள் ‘அல்லேலூயா’ என்று தொடங்கி, கேட்பவர் உணர்வதற்குள் ‘ஹரே கிருஷ்ணா’வுக்கு நகர்ந்து, இறுதியில் ‘குருர் பிரம்மா’ சுலோகத்தையும் தொட்டுவிடுகின்றன. கோவில் ஒலிபெருக்கியும் தேவாலய மணியும் ஒரே காற்றில் வந்து சேரும் கேரளப் பாலக்காட்டிலுள்ள எங்கள் கொழிஞ்சாம்பாறையில் அதைக் கேட்டபோது, கடல் கடந்து வந்த பாடல் என்றே எனக்குத் தோன்றவில்லை. பீட்டில்ஸ் நால்வரில் பிரிவுக்குப்பின் முதன்முதலில் தனிப்பாடலால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தவர் ஹாரிசன். பிடித்துத் தந்தது இந்தப் பாடல். அதன் மெட்டு ‘ஹீ இஸ் சோ ஃபைன்’ என்ற பழைய பாடலைத் தம்மையறியாமல் பின்பற்றியது என்று 1976-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்ததையும் மறைக்கக் கூடாது. அந்தக் குறையோடும் இதை நான் நேசிக்கிறேன்.

[திரையில்: மணிக்கூண்டு]

லெனன் எதிர்த்திசையில் நடந்தார். 1970 டிசம்பரில் வந்த அவருடைய தொகுப்பு, சாவுக்கு அடிப்பதுபோல் மெதுவாக ஒலிக்கும் மணியோடு திறந்து, தாயை அழைக்கும் கதறலில் முடியும் பாடலோடு தொடங்குகிறது. அலங்காரம் ஏதுமின்றி இவ்வளவு நேராக வலியைப் பாடியவர் நால்வரில் வேறு எவருமில்லை. 1980 டிசம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டதால், மற்றவர்களோடு ஆண்டுக்கணக்கு போட்டு அவரை ஒப்பிடுவது நியாயமாகாது.

நீண்ட ஓட்டம் என்று பார்த்தால் மெக்கார்ட்னியே முன்னால் நிற்கிறார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1973-இல் நைஜீரியாவின் லாகோஸ் நகருக்குப் புறப்படும் வேளையில் அவருடைய புதிய குழுவில் இருவர் விலகினர். அங்கே கத்திமுனையில் மாதிரிப் பதிவு நாடாக்களும் பறிபோயின. ஆனாலும் டிரம்ஸைக்கூடத் தாமே வாசித்து ‘பேண்ட் ஆன் த ரன்’ தொகுப்பை உருவாக்கினார்.

ரிங்கோ ஸ்டார் எங்கள் கோவில் மேளமான பஞ்சவாத்தியத்தில் கைத்தாளம் தட்டி எல்லோரையும் இணைக்கும் இலத்தாளக்காரரைப் போன்றவர்: அவருடைய 1973 தொகுப்புக்கு மற்ற மூவரும் பங்களித்தார்கள்; அவர் ஹாரிசனோடு சேர்ந்து எழுதிய ‘போட்டோகிராஃப்’ அமெரிக்காவில் முதலிடம் பெற்றது.

[திரையில்: உகுலேலி என்னும் சிறு கிட்டார்]

ஹாரிசன் மறைந்து சரியாக ஓராண்டு கழித்து, 2002 நவம்பர் 29 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் ரிங்கோ அந்த ‘போட்டோகிராஃப்’ பாடலைப் பாடினார். மெக்கார்ட்னியோ சின்னஞ்சிறு உகுலேலி ஒன்றை மட்டும் மீட்டியபடி, ஹாரிசனின் ‘சம்திங்’ பாடலைத் தொடங்கினார். அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு, உங்கள் தேர்வு நால்வரில் யார் என்று கீழே எழுதுங்கள். ஹாரிசன் என்ற என் தேர்வை மறுப்பவர்களின் காரணங்களை அடுத்த வீடியோவில் வாசிப்பேன்.