படகில் போகும் தம்பி தங்கைகளுக்கு

(மருத்துவத் தன்னார்வலர்களை வழியனுப்பும் கூட்டத்தில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த மருத்துவப் பெருமக்களே, செவிலியர் கல்லூரி முதல்வர் அம்மையார் அவர்களே, வரவேற்புரையில் என்னைத் தகுதிக்கு மேல் பாராட்டிவிட்ட செயலாளர் அவர்களே, பிரம்மபுத்திராவுக்குப் புறப்படும் தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம். உடம்புக்கு முடியாத நிலையிலும் தலைவர் ஐயா வந்து உட்கார்ந்திருக்கிறார். அந்த மனசுக்குத் தனியாக ஒரு நன்றி.

மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். போகுமுன் என்ன செய்வது, அங்கே என்ன செய்வது, திரும்பிய பிறகு என்ன செய்வது. ‘வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும்’ என்பார்கள். மூன்றுக்கும் அந்தப் பழமொழியே அடிப்படை.

போகுமுன் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அசாமில் பிரம்மபுத்திராவின் நடுவே இருக்கும் மணல் தீவுகளைச் சாப்பொரி என்கிறார்கள். ஆறு கொண்டுவந்து போட்ட மண் அது. அதே ஆறு அதை அரித்துக்கொண்டும் போகும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை வெள்ளக் காலம். போன வருடம் வீடு இருந்த இடத்தில் இந்த வருடம் தண்ணீர் ஓடலாம். அங்கே எதை நம்பிக் கட்டடம் எழுப்புவது? அதனால்தான் ஆஸ்பத்திரியையே படகில் ஏற்றினார்கள். வடகிழக்கு ஆய்வு மற்றும் கொள்கை ஆராய்ச்சி மையம் 2005-இல் திப்ருகரில் தொடங்கிய வேலை அது. 2008 முதல் மத்திய அரசின் தேசிய ஊரகச் சுகாதார இயக்கமும் கைகோத்தது. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், லேப் டெக்னீஷியன் எல்லாரும் ஒரே படகில் போவார்கள். தடுப்பூசி 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் மணலில் நடக்கும் செவிலியரைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

சரி, ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். நான் உதவிக்குப் போயிருந்த ஒரு முகாமில் வரிசையின் கடைசியில் நின்றார். முறை வந்ததும் இடுப்பிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்து மேசைமேல் அவிழ்த்தார். உள்ளே மாத்திரை அட்டைகள். வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு. எல்லாமே இரத்த அழுத்த மாத்திரைகள். எங்களுக்கு முன்னால் வந்த குழுக்கள் ஒவ்வொன்றும் ஒரு மாதத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனவை. அவர் மாத்திரையை நகத்தால் பாதியாகக் கிள்ளி, தலை சுற்றுகிற நாளில் மட்டும் ஒரு துண்டு போட்டுக்கொள்வாராம். மிச்சத்தைப் பத்திரமாகச் சேர்த்து வைத்திருந்தார். அன்று அவருக்கு மேல் அழுத்தம் 190-ஐத் தாண்டியிருந்தது.

எங்கள் இளம் மருத்துவர், “ஐயா, இதைத் தினமும் சாப்பிடணும்” என்றார். மொழிபெயர்த்தவர் சொல்லி முடிப்பதற்குள் பெரியவர் கேட்டார்: “தினமும் சாப்பிடறேன். தீர்ந்ததும் யார் கொண்டுவந்து தருவீங்க?”

எங்கள் யாரிடமும் பதில் இல்லை. பதில் சொன்னவர் வெயிலில் நின்று வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த அந்த ஊர் ஆஷா பணியாளர், அதாவது அரசின் சுகாதாரத் திட்டத்துக்காக ஊருக்குள்ளேயே இருந்து வேலை செய்யும் பெண். “அவர் வீடு என் வீட்டுக்குப் பின்னாடிதான். மாத்திரையை என்கிட்ட கொடுங்க, நான் பார்த்துக்கறேன்” என்றார். அதுவரை வந்த எந்தக் குழுவும் அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. எந்தக் கர்ப்பிணிக்கு எத்தனையாவது மாதம், யார் வீட்டில் யாருக்கு வலிப்பு, எந்தக் குழந்தைக்கு ஊசி விட்டுப்போனது, எல்லாம் அந்த அம்மாவுக்கு மனப்பாடம். அவரைக் கூட்டத்தை ஒதுக்கிவிடும் வேலைக்கு நிறுத்தியிருந்தார்கள்!

அதனால் அங்கே செய்ய வேண்டியது இதுதான். மருத்துவருக்குப் போடுகிற நாற்காலிக்குப் பக்கத்திலேயே ஆஷா பணியாளருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். நோயாளியின் சிகிச்சைக் குறிப்பு அட்டையின் ஒரு பிரதி அவர் கையில் இருக்கட்டும். பக்கவாதம் வந்து விழுந்த பிறகு படகைத் தேடுவதா? வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும், அந்த அணை அங்கேயே குடியிருக்கும் பெண்.

2005-இல் ஆஷா திட்டம் வந்தது. இன்றும் அவர்களைத் தன்னார்வலர் என்றே கணக்கில் வைத்து, செய்த வேலைக்குத் தகுந்த ஊக்கத்தொகைதான் தருகிறார்கள். நாம் சில நாள் போகிறோம், நமக்குத் தன்னார்வலர் என்ற பெயர் சரி. வருடம் முழுக்க உழைப்பவருக்கு மாதச் சம்பளம் வேண்டாமா? பணி ஓய்வுக்குப் பிறகு ஓய்வூதியம் வேண்டாமா? இந்தக் கேள்வியை நான் போகிற மேடையெல்லாம் கேட்கிறேன், கேட்டுக்கொண்டே இருப்பேன்.

திரும்பிய பிறகு என்ன என்பதை நேரம் கருதி விட்டுவிடுகிறேன். ஆஷா பணியாளர்களுக்கு நிலையான ஊதியம் கேட்கும் மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. படகில் போகிறவர்களும் போகாதவர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். தலைவர் ஐயாவே முதல் கையெழுத்துப் போட வேண்டும் என்று உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி, வணக்கம்.